பிரேக் பிடித்தானா என்று பார்க்கப் போன மலை

மலை ஏறுவதற்கு முன்பே எனக்கு அந்த மலையைப் பிடிக்கவில்லை. காரவள்ளியில் பஸ் நின்றபோது முன் இருக்கையிலிருந்த புது மாப்பிள்ளை ஜன்னல் வழியே மேலே கைகாட்டி, "அதோ, அங்கதான் போறோம்" என்று மனைவியிடம் சொன்னார். அங்கே மேகம் மட்டும்தான் இருந்தது. பஸ்ஸில் பாதிப் பேர் அருவிக்கும் கோயிலுக்கும் போகிறவர்கள். மீதிப் பேர் உர மூட்டையும் ரேஷன் பையுமாக வீடு திரும்பும் மலைக்காரர்கள். செத்துப்போன தம்பியின் சைக்கிளைப் பார்க்கப் போகிறவள் நான் ஒருத்திதான்.

என் தம்பி பிரபு வாசலூர்பட்டியில், படகுவிடும் ஏரிக்குப் பக்கத்தில், ஒரு சின்ன விடுதியைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்கு நிச்சயமாகியிருந்த கல்யாணம் பத்திரிகை அடித்த பிறகு நின்றுபோனது. ஊரில் யார் முகத்திலும் விழிக்கப் பிடிக்காமல் இங்கே வந்து சேர்ந்தான். விடுதியில் கூட்டமில்லாத நாளாகப் பார்த்துத் தன் கியர் சைக்கிளில் மலையிலிருந்து இறங்குவான். கீழே காரவள்ளியில் டீ குடித்துவிட்டு, சைக்கிளை பஸ்ஸின் மேலே போட்டுக்கொண்டு திரும்புவான். போன மாதம் அப்படி இறங்கும்போது ஒரு கொண்டை ஊசி வளைவில் திரும்பாமல் நேராகப் போய்ப் பள்ளத்தில் விழுந்தான். எதிரே ஏறிவந்த லாரிக்காரர் பார்த்திருக்கிறார். "நேராப் போனாப்ல, திரும்பவே இல்ல" என்பதுதான் அவர் சொன்னது. ரோட்டில் டயர் தேய்த்த தடமும் இல்லையாம்.

அந்த ஒரு வாக்கியம் மன்னார்குடிப் பக்கம் இருக்கும் எங்கள் ஊர்வரை வந்துவிட்டது. உடம்பு வந்து சேர்ந்த அன்றே பந்தலுக்குள் "மனசு விட்டுட்டான் போலருக்கு" என்று பேச்சு. கடைசியாக போனில் பேசியபோது அவன் அம்மாவிடம், "இனிமே என்னப் பத்திக் கவலப்படாதம்மா" என்று சொல்லியிருந்தான். அம்மா அதை என்னைத் தவிர யாரிடமும் சொல்லவில்லை. காரியம் முடிந்த மறுநாள் அடுப்படியில் என்னைப் பிடித்து நிறுத்தினாள்.

"நீ இரும்போட பொழங்குறவ. போயி அந்த சைக்கிளப் பாரு. எம்புள்ள பிரேக் புடிச்சானா, புடிக்கலையா? எனக்கு அது மட்டும் தெரிஞ்சா போதும்டி."

நான் ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் பிரிவுப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கிறவள். ஒரு சைக்கிளைப் பார்த்து ஒருவனின் மனதைச் சொல்லிவிட முடியும் என்று எனக்கு நம்பிக்கையில்லை. முடியாது என்று அவளிடம் சொல்லவும் வாய் வரவில்லை.

பஸ் ஏற ஆரம்பித்தது. எங்கள் பக்கத்தில் மேடு என்றால் ஆற்றுப்பாலம்தான். அங்கே சைக்கிளுக்குப் பிரேக் இருப்பதே டீக்கடை வாசலில் நிற்பதற்காக. இங்கே வளைவுக்கு வளைவு எண் எழுதிய பலகை, மொத்தம் எழுபது. டிரைவர் ஸ்டியரிங்கை மொத்தமாக ஒடித்துத் திருப்பும்போது பஸ்ஸின் மூக்கு வெட்டவெளிக்கு மேலே போய்விட்டு மனசில்லாமல் திரும்பியது. பக்கத்திலிருந்த அம்மாள் ஒரு எலுமிச்சம்பழத்தைத் தன் மூக்கில் வைத்துக்கொண்டு இன்னொன்றை என்னிடம் நீட்டினார். "மோந்துக்க கண்ணு. கீழ மட்டும் பாக்காத."

ஒரு வளைவில் கார் ஒன்று முன்னாலும் போகாமல் பின்னாலும் போகாமல் குறுக்கே நின்றுவிட்டது. ஓட்டிவந்தவர் அந்த அழகில் இறங்கிப் பள்ளத்தைப் படம் எடுத்துக்கொண்டிருந்தார். கண்டக்டர் போய், "ஏனுங்க, நீங்க படம் புடிச்சு முடிக்கறதுக்குள்ள எங்க பஸ்ஸே பின்னால எறங்கிப் போயிருமாட்ட இருக்குதுங்க" என்றார். பஸ்ஸே சிரித்தது. நான் மட்டும் ஒவ்வொரு வளைவிலும் தடுப்புச் சுவரையே பார்த்துக்கொண்டு வந்தேன். எந்த வளைவு என்று யாரிடமும் கேட்கத் தைரியமில்லை.

செம்மேட்டில் இறங்கியதும் குளிர் முழங்கையைப் பிடித்தது. வாசலூர்பட்டிக்கு அடுத்த பஸ்ஸுக்காகக் காத்திருந்தபோது ஒரு தள்ளுவண்டிக்காரர் முடவாட்டுக்கால் சூப் கொடுத்தார். ஆட்டுக்கால் மாதிரி ரோமம் முளைத்த கிழங்கு அது. மிளகு தூக்கலாக, தொண்டைக்கு இதமாக இருந்தது. "குடிச்சுப்போட்டு நடங்க, மூட்டு வலியெல்லாம் ஓடிப்போயிருமுங்க" என்றார். எனக்கு மூட்டுவலி இல்லை என்றேன். "வராமப் போயிருமுங்க" என்றார், விடாமல்.

விடுதியில் சமைக்கும் பாப்பாத்தி அக்கா வாசலிலேயே நின்றிருந்தார். மலையிலேயே பிறந்து வளர்ந்தவர். திண்ணனூர் நாடு என்று சொல்லும் ஊர்கள் பக்கம் அவர் வீட்டுக்காரர் சாமையும் மிளகும் போடுகிறார். துக்கம் விசாரிப்பார் என்று முகத்தைத் தயாராக வைத்துக்கொண்டு போனேன். அவர் விசாரிக்கவில்லை. "கையக் கழுவிட்டு வா சாமி" என்று இலை போட்டுவிட்டார். சாமைச் சோறு, அவரைக்கொட்டைக் குழம்பு, வேகவைத்த மரவள்ளிக்கிழங்கு.

"உன்ற தம்பி இந்தக் கொழம்புன்னா திரும்பத் திரும்பச் சோறு வாங்குவான்" என்றார்.

எனக்குச் சட்டென்று கோபம் வந்தது. இப்படித் தின்றவனைப் பற்றியா பந்தலில் அப்படிப் பேசினார்கள்? பிறகு அம்மாவின் கேள்வி நினைவுக்கு வந்தது. அன்றைக்குப் புறப்படும்போது எப்படி இருந்தான் என்று கேட்டேன்.

"பேசாமத்தான் போனான் கண்ணு."

"கோவமா? வருத்தமா?"

அக்கா யோசித்தார். பொய் சொல்லத் தெரியாதவர். "எப்பவுமே பேசாமத்தான் போவான். அன்னிக்கிம் அப்படித்தான். உள்ளுக்குள்ள என்ன இருந்துச்சுன்னு நான் எப்படிச் சொல்றது?"

அவன் அறையில் பெரிதாக ஒன்றும் இல்லை. மடித்த போர்வை, கொடியில் நாலு சட்டை, காற்றடிக்கும் பம்ப். ஒரு பிஸ்கட் டப்பா நிறையத் தேய்ந்த பிரேக் கட்டைகள். வீலின் ரிம்மை இரண்டு பக்கமும் பிடித்து நிறுத்தும் அந்தச் சின்ன ரப்பர் துண்டுகளை அவன் தேயத் தேய மாற்றியிருக்கிறான், பழையதைத் தூக்கியும் போடவில்லை. டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தேன். பிரேக்கின் மேல் இவ்வளவு அக்கறையாக இருந்தவன் அதைப் பிடிக்காமல் போவானா? ஆனால் அக்கறையாக இருந்த காலம் வேறு, அந்த ஒரு நாள் வேறு என்று உடனே இன்னொரு குரலும் கேட்டது. அந்த இன்னொரு குரல் ஊர்க்காரர்களின் குரல் என்று சொல்ல ஆசை. என் குரல்தான்.

மறுநாள் காலை சைக்கிளைக் காட்டச் சொன்னேன். சமையற்கட்டுக்குப் பின்னால், பலாமரத்தடியில், மழையில் நனைந்தபடி கிடந்தது. ஹேண்டில்பாரில் வேப்பங்கொத்து கட்டியிருந்தது.

"ஏன் இப்படி வெளியே போட்டுட்டீங்க?"

"கோவிச்சுக்காத சாமி. ரோட்டுல உசுரு போன சாமான ஊட்டுக்குள்ள கொண்டார மாட்டமுங்க. எம்பட வழக்கம். எடுத்துட்டுப் போறவங்க வர்ற வரைக்கும் மரத்தடிதான்." சொல்லிவிட்டு அவர் தள்ளியே நின்றார்.

அந்த வழக்கத்துக்கு நான் நன்றி சொல்ல வேண்டும். பள்ளத்திலிருந்து தூக்கிவந்து போட்டதோடு சரி, யாரும் அதைத் துடைக்கவில்லை, நிமிர்த்தவில்லை. சைக்கிளின் உடல் நெளிந்து பின்னங்கம்பி ஒடிந்திருந்தது. முன்வீலின் டயர் ஒரு பக்கம் கழன்று தொங்கியது. அந்த இடத்தில் ரிம்மின் ஓரம் ஒரு சாண் நீளத்துக்குக் கிழிந்து, டின் மூடியைப் பிதுக்கியதுபோல வெளியே மடங்கியிருந்தது. மற்றபடி முன்வீல் கிட்டத்தட்ட வட்டமாகவே இருந்தது. அதுதான் எனக்கு இடித்தது. பாறையில் மோதிய வீல் முட்டைபோலக் கோணிப்போகும். இப்படி ஓரம் மட்டும் கிழியாது.

கைப்பையில் எப்போதும் ஒரு சின்ன எஃகு ஸ்கேல் வைத்திருப்பேன், தொழில் பழக்கம். பின்வீல் அடிபடாமல் இருந்ததால் முதலில் அதில் வைத்துப் பார்த்தேன். பிரேக் கட்டை உரசும் பக்கவாட்டுப் பட்டை சமமாக இருக்க வேண்டும். ஸ்கேலை அதன்மேல் நிறுத்தினால் நடுவில் வெளிச்சம் தெரிந்தது. விரலால் தடவினேன். கரண்டிக் குழிபோல உள்ளே போயிருந்தது. ரிம் செய்கிறவர்கள் தேய்மானம் தெரிவதற்காக அந்தப் பட்டையில் சுற்றிலும் மெல்லிய பள்ளம் ஒன்று வெட்டி வைப்பார்கள். பள்ளம் மறைந்தால் ரிம்மை மாற்றிவிட வேண்டும். பின்வீலில் அது அங்கங்கே மயிரிழையாகத் தெரிந்தது. முன்வீலில் அது இருந்த இடமே இல்லை. கிழிந்த ஓரம் பிளேடு கனம்தான் இருந்தது.

எனக்கு அங்கேயே புரிந்துவிட்டது. எங்கள் பக்கத்துச் சைக்கிள்களில் ரிம் இரும்பு. தாத்தா ஓட்டிய வண்டியின் ரிம்மைப் பேரன் ஓட்டுவான், துரு பிடிக்குமே தவிரத் தேயாது. தேய்வது ரப்பர் கட்டை, அதை மாற்றினால் பிரேக் சரியாகிவிடும். எங்களுக்குத் தெரிந்த பிரேக் சாஸ்திரம் அவ்வளவுதான். பிரபுவும் அதைத்தான் கடைப்பிடித்திருக்கிறான். ஆனால் இந்த ரிம் அலுமினியம். இறங்க மட்டுமே பயன்பட்ட சைக்கிள் இது, ஏறும்போது பஸ் மேல்தான் ஏறியது. மழையில் ரோட்டுச் செம்மண் கட்டையில் ஒட்டிக்கொண்டால் அது உப்புத்தாள்தான். ஒவ்வொரு புதுக் கட்டையும் ரிம்மை இன்னும் கொஞ்சம் அராவியிருக்கிறது. பிஸ்கட் டப்பா நிறைய.

தேய்ந்த ரிம்முக்குள் காற்று நிரம்பிய டயர் எந்நேரமும் ஓரத்தை வெளியே தள்ளிக்கொண்டிருக்கும். ஒருநாள் ஓரம் விட்டுவிடும். டயர் கழன்றால் ஹேண்டில் பேச்சைக் கேட்காது, சைக்கிள் நேராகத்தான் போகும். லாரிக்காரர் பொய் சொல்லவில்லை, கழன்ற டயர் ரோட்டில் தடம் பதிக்கவும் செய்யாது. ஆனால் அம்மாவின் கேள்விக்கு இது பதிலில்லை. ரிம் தானாகக் கிழிந்ததா, அவன் பிரேக்கை விட்டுவிட்டுப் போய் விழுந்ததில் கிழிந்ததா? கட்டைகளைக் கழற்றிப் பார்த்தால்தான் தெரியும். விடுதியிலிருந்த ஸ்பானருக்கு வீலும் பிரேக்கும் கழன்றன, கட்டையின் திருகு மட்டும் இறுகிப்போய் அசையவில்லை.

அடுத்த நாள் இரண்டு வீலையும் முன் பிரேக்கையும் தூக்கிக்கொண்டு செம்மேட்டுக்கு பஸ் ஏறினேன். பாப்பாத்தி அக்கா கூட வந்தார், ஆனால் வீலைத் தொடவில்லை. சந்தை நாள். வாழைத்தார்களுக்கும் கோழிகளுக்கும் நடுவில் இரண்டு வீலோடு நிற்க இடமில்லை. கண்டக்டர், "வீலு மட்டும் ஏறுது, சைக்கிளு எங்கீங்க, பொடிநடையா வருதுங்களா?" என்று கேட்டார். அக்கா அவர் காதில் ஏதோ சொன்னார். அவர் அப்புறம் என் பக்கமே திரும்பவில்லை, வீலுக்கு லக்கேஜும் போடவில்லை. எனக்கு அந்த விளையாட்டுப் பேச்சே மேல் என்று தோன்றியது.

குமரேசனின் பட்டறை சந்தைக்குப் பின்புறம். அடிவாரத்துக்காரர், நாற்பது வயதிருக்கும். அதிகமும் மொபெட்தான் பார்க்கிறார், சைக்கிள் எப்போதாவது. பிரபுவுக்குக் கட்டை விற்றவர் அவர்தான். வீலைப் பார்த்ததுமே முகம் செத்துவிட்டது.

"அக்கா, நான் கட்ட மட்டுந்தானுங்க போட்டுக் குடுத்தேன். பிரேக் நல்லாப் புடிச்சுதுங்க. சாமி சத்தியமா."

"ரிம்மத் தடவிப் பாத்தீங்களா?"

"ரிம்முல என்னங்க பாக்கறதுக்கு இருக்குது? கோட்டம் இருந்தா எடுப்பமுங்க. கோட்டம் இல்லீங்களே."

அவரைத் திட்டத்தான் வந்திருந்தேன் போலிருக்கிறது, வாய் திறந்தும்விட்டது. ஆனால் என்ன சொல்லித் திட்டுவது? அவரும் இரும்பு ரிம்மில் தொழில் பழகியவர். பிரபுவுக்குத் தெரியாதது இவருக்கும் தெரியாது. அந்த அறியாமையைத்தான் இரண்டு பேரும் திரும்பத் திரும்ப முடுக்கி விட்டிருக்கிறார்கள்.

"கழட்டுங்க" என்று பிரேக்கை நீட்டினேன்.

திருகு இறுகியிருந்ததால் அவருக்கு நேரம் பிடித்தது. ஒரு பக்கத்துக் கட்டை வெளியே வந்தது. கிழிந்த ரிம்மின் ஒரு சில்லு அதற்குள் புதைந்திருந்தது, அடியிலிருக்கும் தகடுவரை. வாங்கி வெளிச்சத்தில் பார்த்தேன். கட்டை ரிம்மைத் தொடாமல் தள்ளி நின்றிருந்தால் சில்லு தெறித்துப் போயிருக்கும். லேசாக உரசியிருந்தால் கீறல் விழுந்திருக்கும். இவ்வளவு ஆழம் புதைய வேண்டுமானால் கட்டை முழுப் பலத்தோடு ரிம்மை அழுத்திக்கொண்டிருந்திருக்க வேண்டும். மறுபக்கத்துக் கட்டையின் முகம் சூட்டில் உருகி, விளிம்பில் தார்போல வழிந்து உறைந்திருந்தது. கிழிந்த இடத்தில் கொஞ்ச தூரம் கறுத்த பழைய விரிசல், மிச்சம் பளபளவென்று புதிது. பல நாளாக விரிந்துகொண்டிருந்தது அன்றைக்கு முழுதாக விட்டிருக்கிறது. விட்ட பிறகும் அவன் கையை எடுக்கவில்லை.

"புடிச்சிருக்கான்" என்றேன்.

குமரேசன் என்ன நினைத்தாரோ, "ஆமாங்க, பிரேக் புடிக்குமுங்க" என்றார். பாப்பாத்தி அக்காவுக்குத்தான் புரிந்தது. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சந்தைப் பக்கம் திரும்பி நின்றார்.

நான் அழுதிருக்க வேண்டும். எனக்கு வேலைதான் ஓடியது. பட்டறை மூலையில் ஏரிக்கு வருகிறவர்களுக்கு வாடகைக்கு விடும் கியர் சைக்கிள்கள் சில நின்றிருந்தன. ஸ்கேலை எடுத்துக்கொண்டு ஒவ்வொன்றாக உட்கார்ந்தேன். குமரேசனையும் உட்காரவைத்தேன். காற்றை இறக்கிவிட்டு, பட்டையைத் துடைத்து, ஸ்கேல் வைத்து, விரல் நகத்தால் பள்ளத்தைத் தேடச் சொன்னேன். ஒன்றின் முன்வீலில் நகம் எங்குமே தடுக்கவில்லை. அவரே சாக்பீஸால் பெருக்கல் குறி போட்டார்.

"இதுக்கு வேற ரிம்மு சேலத்துலதானுங்க கெடைக்கும்" என்றார்.

"கம்பித் துளை எத்தனைன்னு எண்ணிக்கிட்டுப் போங்க. அளவும் அகலமும் ஒத்து வரணும். டிஸ்க் பிரேக் வண்டியோட ரிம்மத் தலையில கட்டுவாங்க, அதுல கட்டை உரசறதுக்குப் பட்டையே இருக்காது, வாங்கிறாதீங்க. புது ரிம்முக்குப் புதுக் கட்டை. பழைய கட்டைக்குள்ள அலுமினியத் தூளு இருக்கும், அது புதுசையும் தின்னுரும்."

எல்லாவற்றுக்கும் "சரிங்க, சரிங்க" என்றார். பிறகு, தயங்கித் தயங்கி, பிரபுவின் பின்வீலைக் காட்டினார். "இதுல இன்னும் கோடு தெரியுதுங்களே அக்கா. சேலத்துல இருந்து வர்ற வரைக்கும்..."

அவர் கெட்டவர் இல்லை. மலைமேல் சாமான் கிடைக்காது, இருப்பதை மாட்டி ஓட்டுவதுதான் வழக்கம். அது எனக்குத் தெரிந்தும் உடம்பெல்லாம் எரிந்தது. பட்டறைச் சுத்தியலை எடுத்து அந்த ரிம்மை இனி எந்த வண்டிக்கும் ஆகாதபடி அடித்தேன். கம்பிகள் தெறித்தன. சந்தைக்கு வந்தவர்கள் கூடிவிட்டார்கள். "யாருங்க அந்தம்மா?" என்று ஒருவர் கேட்க, "சைக்கிள்ல போன அந்தப் பையனோட அக்காங்க" என்று இன்னொருவர் சொன்னார். யாரும் தடுக்கவில்லை. கை ஓய்ந்ததும் பாப்பாத்தி அக்கா வந்து சுத்தியலை வாங்கிக் கீழே வைத்தார். அதுவரை அந்தச் சாமான் பக்கம் வராதவர், என் கையைத் தன் சேலையால் துடைத்தார்.

ஊர் திரும்பும் நாளில் அவர் அன்னாசிப்பழம் ஒன்றைக் கட்டிக்கொடுத்தார். "அம்மாவுக்குக் குடு கண்ணு. ஒருக்கா கூட்டியா." வருகிறேன் என்றேன். வரமாட்டேன் என்று இருவருக்கும் தெரியும்.

இறங்கும் பஸ்ஸில் பிரேக் வாடை ஜன்னல் வழியாக வந்துகொண்டே இருந்தது. இம்முறை கண்டக்டரிடம் கேட்டுவிட்டேன். ஒரு வளைவு வந்ததும் அவர் கைகாட்டினார். தடுப்புச் சுவரின்மேல் யாரோ உடைத்த பூசணிக்காய் காய்ந்து கிடந்தது. அதற்கு அப்பால் மரங்களின் உச்சி மட்டும். எனக்குப் பின்னால், "இந்த எடம் ஆள் காவு கேக்குமாம்" என்று ஒரு பெண் தன் கணவரிடம் சொன்னது காதில் விழுந்தது. திரும்பி நாலு வார்த்தை கேட்டிருப்பேன். அதற்குள் பஸ் அடுத்த வளைவுக்குப் போய்விட்டது.

காரவள்ளியில் டீ வாங்கிக்கொண்டு அம்மாவைக் கூப்பிட்டேன். முதல் மணியிலேயே எடுத்தாள். என்னென்னவோ விளக்க வேண்டும் என்று வழியெல்லாம் தயார் செய்திருந்தேன். அலுமினியம், பட்டை, பள்ளம், விரிசல். எதுவும் வாயில் வரவில்லை. அவன் ஏன் கவலைப்படாதே என்று சொன்னான் என்பது எனக்குத் தெரியவில்லை, அதை எந்தக் கட்டையும் சொல்லாது. தெரிந்ததைச் சொன்னேன்.

"பிரேக் புடிச்சிருக்கான்மா. வீலு ஒடஞ்சுதான் போயிருக்கு. ஒடஞ்ச பொறவும் விடாமப் புடிச்சிருக்கான். கடைசி வரைக்கும்."

போனில் அம்மாவின் மூச்சு கேட்டது. நிம்மதியாக அழட்டும் என்று டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டுக் காத்திருந்தேன். இத்தனை நாளும் அவள் எதிர்பார்த்திருந்த பதில் இதுதானே.

"அப்ப எம்புள்ள ரொம்பப் பயந்திருப்பானேடி" என்றாள்.